ஆமப்பொடி 25 கிராம்

நசிமா அக்கா எங்கள் பிரஸ்ஸுக்கு முதன்முதலாக வந்தது சண்டை போடத்தான். கையில் கசங்கிய பிளாஸ்டிக் பாக்கெட் ஒன்று இருந்தது. அதை அய்யாதுரை அண்ணாச்சியின் மேஜையில் போட்டு, "ஆமையை அரைச்சுப் பொடியாக்கி விக்கிறீகளா?" என்று கேட்டார்.

அண்ணாச்சிதான் முதலாளி. திருத்தங்கலில் முப்பது வருடமாகத் தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, காலண்டர், நொறுக்குத்தீனி பாக்கெட் என்று அச்சடித்துக்கொண்டிருப்பவர். எத்தனையோ விதமான சண்டைகளைப் பார்த்தவர்தான், ஆமைச் சண்டை அவருக்கும் புதிது. பாக்கெட்டை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். கொட்டை எழுத்தில் 'ஆமப்பொடி'. கீழே '22 கிராம்'. அதற்கும் கீழே எறும்பு அளவில் எங்கள் பிரஸ்ஸின் பெயர்.

"இது ஆமை இல்ல தாயி. ஓமம். ஓமப்பொடி" என்றார்.

"எங்க வாப்பாவுக்கு விருதுநகர்ல மல்லி, வத்தல் யாவாரம். கடையில ஓமம் மூடை மூடையாக் கெடக்கும். எனக்கு ஓமம் தெரியாதா? இதுல ஆமன்னுல்ல போட்டிருக்கு. தூத்துக்குடிக் கடலுக்கு அடியில கெடந்துச்சு. ஆமையைப் புடிச்சா ஜெயிலு, தெரியும்ல?"

அந்த நிமிடத்தில் பிரஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. என் புருஷனின் தலை எல்லோருக்கும் முன்னால் திரும்பியது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். அது நடந்து அப்போதே நாலு வருடம் ஆகியிருந்தது. சாத்தூர்ப் பார்ட்டி ஒருவருக்கு ஓமப்பொடி பாக்கெட் ஆர்டர். கம்ப்யூட்டரில் எழுத்து அடித்தது நான். முதல் லோடு 25 கிராம் என்று போனது. தீபாவளி சீசனில் ஒன்றுகூட மிஞ்சாமல் விற்றுத் தீர்ந்தது. பிறகு பார்ட்டி எடையைக் குறைத்து 22 ஆக்கச் சொன்னார். அந்த மாற்றத்தைச் செய்தது அப்போது என்னோடு வேலை பார்த்த மணிகண்டராஜ். இரண்டாவது லோடு கடைகளில் தொங்க ஆரம்பித்த பிறகுதான் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டிப் படித்து ஊரைக் கூட்டியது.

"நான் நம்பரை மட்டுந்தான் மாத்துனேன். ஆம முதல் லோடுலயே இருந்துச்சு" என்றார் மணிகண்டராஜ்.

"25 கிராம் பாக்கெட்ல சரியாத்தான் இருந்துச்சு. நீங்க ஃபைலைத் தொறக்கும்போது கை பட்டிருக்கும். என் பேரே ஓ-வுலதான் ஆரம்பிக்குது. ஓவியான்னு பேரை வச்சுக்கிட்டு நான் ஓ-வைத் தப்பா அடிப்பேனா?" என்றேன் நான்.

யார் சொல்வது நிசம் என்று பார்க்க 25 கிராம் பாக்கெட் ஒன்றாவது வேண்டும். பிரஸ்ஸில் வைத்திருந்த மாதிரி நகல் மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. கம்ப்யூட்டரும் அதே மழையில் போய்ச் சேர்ந்தது. சாட்சி இல்லாத வழக்கு. எங்கள் பிரஸ்ஸில் அச்சுக்குப் போகும் ஒவ்வொரு ப்ரூப்பிலும் பச்சை மையில் ஒரு ஓ.கே. கையெழுத்து விழவேண்டும். அதுவரை அதைப் போட்டுவந்தது நாங்கள் இருவரும். அண்ணாச்சி பச்சைப் பேனாவைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். "எவன் தப்பு, எவ தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கு, தப்புப் பண்ணாத ஆளுக்குத் தாரேன்" என்றார்.

அந்தச் சண்டை முற்றி முற்றி அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணத்தில் போய் முடிந்தது. முடிந்தது என்று சொல்லக்கூடாது, வீட்டுக்குள் வந்தது. அவர் என்னை ஆமை என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு பிரஸ் கூப்பிட்டது. பிறகு டீக்கடை. பஸ் கண்டக்டர்கூட ஒருநாள், "ஆமையக்கா, உள்ள தள்ளி நில்லுங்க" என்றான். எழுத்துக் கோப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அதில் வந்து இப்படியொரு பேர் ஒட்டிக்கொண்டது எனக்கு நிசமாகவே வலித்தது. அந்தப் பச்சைப் பேனா என் கைக்குத் திரும்பி வந்தால் பேர் தானாக உதிர்ந்துவிடும் என்று நம்பினேன்.

இப்போது நசிமா அக்கா கொண்டுவந்த பாக்கெட்டுக்கு வருவோம். நாலு வருடம் கடலில் கிடந்தும் எழுத்து அப்படியே பளிச்சென்று இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் படலத்துக்கு நடுவில் மை இருப்பதால் அது சாகாது. 22 கிராம் கிடக்கிற இடத்தில் 25 கிராமும் கிடக்காதா? ஊரில் அழிந்துபோன என் சாட்சி கடலில் கிடக்கிறது என்று எனக்குப் பொறி தட்டியது.

நசிமா அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது தூத்துக்குடியில். அங்கே பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பத்துப் பேரோடு கடலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் குப்பையை எடுத்து வருவார். எடுப்பது பாதி வேலைதான். என்ன பொருள், எத்தனை, எவ்வளவு ஆழம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதி விஞ்ஞானிகளுக்கு அனுப்ப வேண்டும். மக்கள் அறிவியல் என்று அதற்குப் பேர் சொன்னார். தண்ணீருக்கு அடியில் வைத்துப் பென்சிலால் எழுத, நனைந்தாலும் கிழியாத தாளில் படிவம் வேண்டும். ஆமைச் சண்டை போட வந்தவர் அதற்கான ஆர்டரையும் எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

நான் வாசல்வரை ஓடி, "அக்கா, என்னையும் சேத்துக்கிடுவீகளா?" என்றேன்.

"நீச்சல் தெரியுமா புள்ள?"

"எங்க ஊரு அச்சங்குளத்துல தோட்டத்துக் கெணறு பூரா நம்ம கெணறுதான்."

எல்லோரும் கடலைக் காப்பாற்ற இறங்கினார்கள். நான் என் மானத்தைக் காப்பாற்ற இறங்கினேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. நசிமா அக்காவிடம் ஓமப்பொடிக் கதையைச் சொன்னேன், ஆனால் நான் கடலுக்குள் வருவது அதற்காகத்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மணிகண்டராஜிடம் சொன்னபோது, "ஆமை தண்ணிக்குத்தான் போகும். வேற எங்க போகும்?" என்று சோற்றைப் பிசைந்தார்.

மூழ்கப் பழகவே ஆறு மாதம் ஆனது. அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு முதல் பஸ் பிடித்துத் தூத்துக்குடி போவேன். கரையிலிருந்து படகில் அரைமணி நேரம் போனால் ஒரு பார். கடலுக்கு அடியில் பாறையும் பவளமுமாக எழும்பி நிற்கும் இடத்தை அங்கே பார் என்பார்கள். ஒவ்வொரு மாதமும் அதே பாரில்தான் இறங்கவேண்டும், அப்போதுதான் குப்பை கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். எட்டு மீட்டர் ஆழத்தில் நான் பொறுக்கி வலைப்பையில் போடுவேன். பக்கத்தில் நீந்திக்கொண்டே நசிமா அக்கா ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் ஒரு கோடு போடுவார்.

கூட்டத்தில் எனக்கு நல்ல மரியாதை. மற்றவர்களுக்கு வெறும் கிழிசலாகத் தெரிவதை நான் தொட்டுப் பார்த்து எந்த ஊர் அச்சு, எந்த சீசன் என்று சொல்லிவிடுவேன். மத்தாப்புப் பெட்டியின் மேலுறை ஒன்று கிடைத்தது. என் பெரியப்பா மகன் வேலை செய்த கம்பெனிச் சரக்கு. "உங்க ஊரு இங்கனயும் வந்திருச்சா?" என்று படகில் எல்லோரும் சிரித்தார்கள். 22 கிராம் பாக்கெட்டுகளும் வந்துகொண்டே இருந்தன. பதினேழுவரை எண்ணினேன். 25 மட்டும் அகப்படவே இல்லை.

இந்தப் பங்குனியில் அண்ணாச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரையில் ஆப்பரேஷன். "நான் போறதுக்குள்ள பேனாவை யாருகிட்டயாவது குடுத்தாகணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் அது கிடைத்தது.

ஒரு கிழிந்த வலைக்கடியில், மணலில் பாதி புதைந்து கிடந்தது. இழுத்தேன். முதலில் வந்தது அடிப்பக்கம். '25 கிராம்'. நெஞ்சு அடித்த அடியில் என் மூச்சுக்குமிழி எல்லாம் ஒன்றாகக் கிளம்பி மேலே போனது. மணலைத் துடைத்தேன்.

ஆமப்பொடி.

திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் ஆமப்பொடிதான். முகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் ஆமப்பொடிதான். ஆறு வருடமாக என் பேரை வைத்து நான் செய்த சத்தியம் எல்லாம் அந்தத் துண்டு பிளாஸ்டிக்கில் பல்லை இளித்தது. தப்பு என்னுடையது. முதல் நாளிலிருந்து என்னுடையதுதான்.

நான் இழுத்ததும் படிவத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, நசிமா அக்கா வலையை விடுவிக்க முதுகைத் திருப்பியிருந்தார். நான் அதை நாலாக மடித்து என் ரப்பர் உடையின் கைக்குள் செருகிக்கொண்டேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், தண்ணீருக்கு அடியில் வெட்கம் தெரியவில்லை.

படகில் ஏறி எண்ணினோம். படிவத்தில் உணவுப் பாக்கெட் என்ற வரிசையில் நாற்பத்தொரு கோடு. கொட்டி எண்ணினால் நாற்பது. மறுபடி எண்ணினார். நாற்பது. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டு நசிமா அக்கா பென்சிலை எடுத்தார்.

"நீ எடுக்கிறதைப் பாத்துட்டுத்தான் ஒவ்வொரு கோடும் போட்டேன். ஆனா என் கண்ணாடியில தண்ணி ஏறியிருந்துச்சு. நான்தான் ஒண்ணு கூடப் போட்டிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே குறிப்பு என்ற இடத்தில் 'எண்ணியவர் பிழை: நசிமா' என்று எழுதப் போனார்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. சரியாகக் கோடு போட்ட மனுஷி, செய்யாத தப்பைத் தன் பேரில் எழுதிக்கொள்கிறார். வீட்டில் ஒருத்தர் ஆறு வருடமாக நம்பரை மட்டும்தான் மாற்றினேன் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார். நான் கைக்குள் விரலை விட்டு அதை உருவி நசிமா அக்காவின் மடியில் போட்டேன். விரித்துப் படித்தார். கதைதான் அவருக்குத் தெரியுமே. என்னைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார், படகே ஆடுகிற மாதிரி சிரித்தார்.

"இதுக்காகத்தான் ஒண்ணரை வருசமா என்கூட முங்குனியா புள்ள?"

"ஆமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. கடல்ல எடுத்ததை ஒளிச்சது தப்பு. மத்தபடி நீ எடுத்த குப்பை குப்பைதான்." ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து அதைப் படம் பிடித்தார். நாற்பத்தொன்றாவது கோடு அப்படியே நின்றது. "வீட்டுல காமிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துரணும்" என்று என்னிடம் கொடுத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணிகண்டராஜ் பிரஸ்ஸில் ஸ்கூல் நோட்டு அட்டை ஆர்டரோடு இருந்தார். பாக்கெட்டை அவர் முன்னால் வைத்தேன். "தப்பு என்னுதுதான். உங்க மேல பழியைப் போட்டுட்டேன்" என்றேன். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மனுஷனுக்கு எம்புட்டு வலித்திருக்கும் என்று நினைத்து உட்கார்ந்து அழுதேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் எனக்கு ஒரு டீ. பின்னால், பாக்கெட்டுக்குச் சொந்தக்காரியை நேரில் பார்க்க டீக்கடையிலிருந்து ஏழு பேர்.

மறுநாள் அண்ணாச்சி டிராயரைத் திறந்து பச்சைப் பேனாவை அவர் கையில் கொடுத்தார். "ஓ.கே. இனி உன் பொறுப்புலே" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் புறப்பட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பிறகு வீட்டில் நடையே மாறிவிட்டது. பச்சைப் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவார். "இன்னிக்கு ஒரு வேலை பண்ணிட்டேன். அச்சுக்குப் போற எந்த ஃபைலா இருந்தாலும், 'ஆம'ன்னு வர்ற இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரே தேடிப் புடிச்சு 'ஓம'ன்னு மாத்திரும். இனி உன் ஆமை இந்தப் பிரஸ்ஸைத் தாண்டாது" என்று ரசத்தை உறிஞ்சினார். நானும் வாயை மூடிக்கொண்டு கூட ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

அவர் கையெழுத்துக்கு வந்த முதல் வேலை நசிமா அக்காவின் படிவம். ஐந்நூறு தாள். பழைய படிவத்தோடு இந்தத் தடவை புதிதாக ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லியிருந்தார்: ஆமை கண்டீர்களா? பக்கத்தில், ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ப்ரூப் மேஜைக்கு வந்தபோது நான் எட்டிப் பார்த்தேன்.

"இங்கன ஒரு நிமிசம் பாருங்களேன்" என்றேன்.

"பச்சைப் பேனா யார் கையில இருக்கு?"

"உங்க கையிலதான்."

"அப்ப உன் வாயில என்ன?"

"ஒண்ணுமில்லீக" என்றேன்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி வரிவரியாக விரல் வைத்துப் படித்து, பச்சையில் கையெழுத்தை வளைத்து இழுத்தார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

சித்திரையில் அடுத்த முக்குளிப்பு. அச்சாகி வந்த கட்டைப் பிரிக்காமலே புதுத் தாளில் ஒன்றை உருவிக் கொண்டுபோயிருந்தார் நசிமா அக்கா. ஒரு டயரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் என் தோளைத் தட்டினார். திரும்பினேன்.

ஆமை வந்துகொண்டிருந்தது. பெரிய ஆமை, எங்கள் அண்டா மூடி அளவு. அவசரமே இல்லாமல் துடுப்பை ஒரு தடவை போட்டால் மூன்றுமுழம் வந்தது. எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டயரைச் சுற்றிக்கொண்டு போனது. ஐந்து வருடமாக அந்தப் பேரைச் சுமக்கிறேன், சொந்தக்காரரை அன்றுதான் பார்த்தேன். இம்புட்டு அழகா இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்போது அந்தப் பேரின் மேல் இருந்த கோபம் என்னைவிட்டுப் போய்விட்டது.

நசிமா அக்கா சந்தோஷத்தில் படிவத்தில் குறிக்கப் பென்சிலை எடுத்தார். அப்படியே நின்றார். படிவத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஓமை கண்டீர்களா? ஓம். இல்லை.

எனக்குச் சிரிப்பு வெடித்து வாயிலிருந்து காற்றுக்குழாய் நழுவியது. அதைக் கவ்விப் பிடிப்பதற்குள் இரண்டு மிடறு உப்புத் தண்ணீர் உள்ளே போனது. நசிமா அக்காவின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அவரும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் 'ஓம்' என்ற கட்டத்தில் பயபக்தியோடு ஒரு கோடு போட்டார்.

அன்று சாயங்காலம் அந்தத் தாளைக் கொண்டுபோய் மணிகண்டராஜ் முன்னால் வைத்தேன். குறிப்பு என்ற இடத்தில் படகிலேயே என் கையால் எழுதியிருந்தேன்: 'ஓமை 1, உயிருடன். எழுத்துப்பிழை 2. சரிபார்த்தவர்: மணிகண்டராஜ். பொருளின் நிலை: மக்காது.'

படித்தார். "ஐந்நூறும் இப்படியா?"

"ஐந்நூறும்."

"நசிமா அக்கா என்ன சொன்னாக?"

"மக்காத தாளை மறுபடி குப்பையில போடமாட்டாகளாம். தீரும் மட்டும் இதுலதான் எழுதுவாகளாம். எப்படியும் மூணு வருசம் ஓடும்."

நாற்காலியில் சாய்ந்தார். "நீ ப்ரூப்லயே பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"சொல்லலியே?"

"சொல்லத்தான் வந்தேன். வாயில என்னன்னு கேட்டீக."

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது, அது மீசையில் தெரிந்தது. பிறகு அந்த மீசை துடித்தது. மேஜையில் நோட்டு அட்டையின் ப்ரூப் ஒன்று காத்திருந்தது. அதைப் பார்த்து முடித்துப் பச்சையில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"கீழ நீயும் ஒண்ணு போடு. இனி எல்லாத்துக்கும் ரெண்டு கையெழுத்து."

"அண்ணாச்சி கேட்டா?"

"இந்த ஓமை சொன்னான்னு சொல்லு."

நான் அட்டையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன். பின்பக்கத்தையும் படித்தேன். பிறகு பச்சைப் பேனாவை வாங்கி ஓவியா என்று எழுதினேன். அந்த ஓ-வை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.